பேச்சு போனவர் தலைக்கு ஏன் கரண்ட் வைக்கிறார்கள்?

ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று சொல்வது, "பாவம், நெனப்பே தப்பிப்போச்சு." பெரும்பாலும் அது தப்பு. காசிமேட்டில் காலமெல்லாம் மீன் விற்ற ஓர் அம்மாவுக்கு இப்படி ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரத்தைக் காட்டினால் அது என்ன விலைக்குப் போகும், குழம்புக்கா வறுவலுக்கா, எல்லாம் அவருக்குத் தெரியும். 'வஞ்சிரம்' என்ற சொல் மட்டும் வாய்க்கு வராது. சில நேரம் 'சங்கரா' என்று வந்துவிடும், தப்பாகச் சொன்னது தெரிந்து அவருக்கே எரிச்சலாகும். அதே ஆள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார், சாமி பாட்டுப் பாடுவார், கெட்ட வார்த்தையும் தங்குதடையில்லாமல் வரலாம் (வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், பழக்கத்தில் தானாக ஓடுகிற பேச்சு அது).

இதற்கு அஃபேசியா என்று பெயர். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலோருக்கு மொழி வேலை மூளையின் இடது பாதியில்தான் நடக்கிறது, 1860-களில் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர் பாரிஸில் எடுத்துக் காட்டியதிலிருந்து இது தெரிந்த விஷயம். உடம்பின் வலது பக்கத்தை நடத்துவதும் அதே இடது பாதிதான். பேச்சு போனவர்களில் பலருக்கு வலது கையும் சேர்ந்து விழுந்துபோவது அதனால்தான்.

ஸ்பீச் தெரபிஸ்ட் என்ன செய்கிறார்? படத்தைக் காட்டுகிறார், வரவில்லையென்றால் "வ..." என்று எடுத்துக் கொடுக்கிறார், அதற்கும் வரவில்லையென்றால் "வஞ்..." வரை போகிறார். ஒவ்வொரு முறை அந்தச் சொல்லைத் தேடி எடுக்கும்போதும், பாதிப்புக்குத் தப்பிய நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்பு கொஞ்சம் வலுப்படுகிறது. மெதுவான வேலை, ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

கரண்ட் இதற்கு நடுவில்தான் வருகிறது. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் வைத்து 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் விடுகிறார்கள். அதிலும் பெரும்பங்கு மண்டைத் தோலிலேயே ஓடிப்போய்விடும். சும்மா இருக்கும் நரம்பு செல்லுக்கு உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட் இருக்கும், அது ஏறக்குறைய மைனஸ் 55-க்கு வந்தால்தான் செல் 'சுடும்', அதாவது அடுத்த செல்லுக்குச் சிக்னல் அனுப்பும். நாம் விடும் கரண்ட் நகர்த்துவதோ ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. அதாவது, தூங்குகிற செல்லை இது எழுப்பாது. பயிற்சியில் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் செல்லை லேசாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான். வியாசர்பாடியில் கேரம் ஆடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: போர்டில் பவுடர் போட்டதும் காய் தானாகப் பாக்கெட்டில் விழுவதில்லை, ஸ்ட்ரைக்கரை அடிக்கத்தான் வேண்டும், அடித்தால் சுலபமாகப் போகும். அதனால்தான் கரண்டையும் பயிற்சியையும் ஒரே நேரத்தில் கொடுக்கிறார்கள்.

இன்னொரு வழி காந்தம். 1985-இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு காட்டிய முறை இது. கம்பிச்சுருளில் எழும் காந்தத் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி உள்ளே மின்சாரத்தைக் கிளப்பும், இது செல்லை நேரடியாகவே சுட வைக்கும். வினோதம் என்னவென்றால், பேச்சுக்காக இதைப் பெரும்பாலும் அடிபடாத வலது பக்கத்தில், நொடிக்கு ஒரு துடிப்பு என்று மெதுவாக வைக்கிறார்கள். அந்த வேகம் அந்த இடத்தை அடக்கும். இடது பக்கம் விழுந்ததும் வலது பக்கம் அளவுக்கு மீறித் துள்ளி, மிச்சமிருக்கும் இடது பக்கத்தை அமுக்குகிறது என்பது இதற்குப் பின்னால் உள்ள ஊகம். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. இடது பக்கம் பெரிதாகச் சேதமானவர்களுக்கு வலது பக்கம்தான் கைகொடுக்கிறதோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கே உண்டு.

சரி, பலன்? 2018-இல் அமெரிக்காவில் வெளியான சோதனையில் 74 பேர், 15 அமர்வுகள், எல்லாருக்கும் ஒரே பெயர் சொல்லும் பயிற்சி. நிஜக் கரண்ட் பெற்றவர்கள் சராசரியாக 13.9 சொற்கள் கூடுதலாகச் சொன்னார்கள், சும்மா ஒப்புக்குக் கருவி மாட்டப்பட்டவர்கள் 8.2. ஒப்புக்கு மாட்டியவர்களும் பயிற்சியால் மட்டுமே முன்னேறியிருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள். அன்றாடப் பேச்சே மாறிவிடுகிறது என்பதற்கு இன்னும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பயிற்சிக்கு மட்டும் அது இருக்கிறது: 2017-இல் வெளியான ஜெர்மன் சோதனையில், பழைய ஸ்ட்ரோக் நோயாளிகளே வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி எடுத்து, நிஜ வாழ்க்கைப் பேச்சில் முன்னேறினார்கள்.

ரிச்சி தெருவில் ஒன்பது வோல்ட் பேட்டரியும் ஒயரும் வாங்கி வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம், தோல் வெந்துபோகும், எந்த இடத்தில் வைப்பது என்றும் தெரியாது. வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகம் அல்லது பேஸ்மேக்கர் உள்ளவர்கள் காந்த முறைக்கு முன்பு டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

யாராவது ஒரு பேக்கேஜ் சொல்லி அட்வான்ஸ் கேட்டால், முதலில் அவர்களிடம் கேட்க வேண்டியது: கருவி ஓடும்போதோ கழற்றிய கையோடோ தெரபிஸ்ட் உட்கார்ந்து பயிற்சி கொடுப்பாரா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதுவும் தமிழிலா? கருவியை மாட்டிவிட்டு நர்ஸ் வெளியே போய்விடுவார் என்றால், அந்தப் பணத்தைத் தெரபிஸ்ட்டுக்கே கொடுத்து இன்னும் சில மணி நேரம் கூடுதலாக வரச் சொல்லலாம்.