ருக்ஸத்: சலுகையா, நெகிழ்வா?

ரங்கூனில் ஜூன், ஜூலை மழை விட்டுவிட்டுப் பெய்யும் மழையல்ல. மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வந்தவர் வீட்டுக்குப் போய், இஷா என்ற இரவுத் தொழுகைக்குத் திரும்புவது பெரும்பாடு. தமிழ்க் கரையோர ஊர்களிலிருந்து வந்தவர்களில் நிறையப் பேர் ஷாஃபிகள், அதாவது ஷாஃபி மத்ஹபை (சட்ட மரபை)ப் பின்பற்றுகிறவர்கள். அப்படிக் கொட்டும்போது ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) வந்தவர்கள் இரண்டு தொழுகையையும் மஃரிபு நேரத்திலேயே சேர்த்துத் தொழ அந்த மத்ஹபில் இடமுண்டு. இன்னொரு மத்ஹபினரான ஹனஃபிகள் மழைக்காகச் சேர்ப்பதில்லை. இந்த அனுமதியின் பெயர்தான் ருக்ஸத்.

அரபியில் ருக்ஸா. மெத்தென்றிருக்கும் விரலை 'ரக்ஸ்' என்பார்கள். விலை இறங்குவதற்கும் இதே வேர்தான். உருதுவில் ருக்ஸத் என்றால் விடுப்பு, விடைபெறுதல் என்றும் பொருள் வரும். எதிர்ச்சொல் அஸீமத்: உறுதி, அதாவது மாறாத மூலச் சட்டம்.

ருக்ஸத்தைக் கொண்டுவருவது மஷக்கத், அதாவது சிரமம். அதன் வேரில் 'பிளத்தல்' இருக்கிறது. உடம்பைப் பிளந்து போடுகிற சிரமம் என்று வைத்துக்கொள்ளலாம். 'மஷக்கத் இலேசைக் கொண்டுவரும்' என்பது ஃபிக்ஹ் என்ற இஸ்லாமியச் சட்டவியலின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. எல்லாச் சிரமமும் இதில் சேராது. நோன்பு என்றால் பசிக்கத்தான் செய்யும். அந்தப் பசிக்கு ருக்ஸத் கிடையாது. நோயாளிக்கும் பயணிக்கும் உண்டு என்று குர்ஆனே (2:185) சொல்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) 'சலுகை' என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சலுகை என்றதும் ஏதோ தகுதிக் குறைவுக்குக் கொடுத்தது போலத் தோன்றுகிறது. என் உம்மாவுக்கு ஆறாத சர்க்கரை நோய். மருத்துவர் தடுத்தும் நோன்பு பிடித்தார். "சலுகையெல்லாம் எனக்கு எதுக்கு வாப்பா, அது முடியாதவங்களுக்கு" என்றார். மூன்றாம் நோன்பில் மயங்கி விழுந்தார். அந்தச் சொல்லே அவரைத் தடுத்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அச்சமில்லாத காலத்திலும் பயணத்தில் ஏன் தொழுகையைச் சுருக்க வேண்டும் என்று நபித்தோழர் உமர் (ரலி) கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்குத் தந்த சதகா (தானம்), அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள் நபி (ஸல்). 'முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஹதீஸ் இது.

ஆகவே எழுத்தில் 'நெகிழ்வு' என்பேன்; வேரிலுள்ள மென்மை அதில் அப்படியே இருக்கிறது. வீட்டுப் பேச்சுக்கு 'இலேசு' போதும். உம்மாவிடம் அப்புறம் அப்படித்தான் சொன்னேன்: "அல்லாஹ் இலேசாக்கி வச்சிருக்கான் உம்மா." விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஏழைக்குக் கொடுக்க, தம் கையாலேயே அரிசி அளந்து வைத்தார்.