கேரேஜ் தரையும் ஐந்து மில்லி ஆம்பியரும்

அமெரிக்காவின் பனி பெய்யும் மாநிலங்களில், குளிர்காலத்தில் வீடு திரும்பும் கார் தன் அடிப்பகுதியில் ஒட்டிய பனியையும் சாலையில் தூவிய உப்பையும் கேரேஜுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. சற்று நேரத்தில் அது உருகி, கான்கிரீட் தரையில் உப்புநீராகப் பரவுகிறது. ஈரம் ஊறிய கான்கிரீட் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்; அதற்கு அடியில் இருப்பது பூமி. அந்தத் தரையில் நின்றபடி, உலோக உறை கொண்ட பழைய டிரில்லிங் மெஷினைக் கையில் பிடிக்கும் ஒருவரை மனத்தில் வைத்துப் படித்தால்தான், அந்நாட்டு வீட்டு கேரேஜுக்கான வயரிங் விதிகள் ஏன் அத்தனை கண்டிப்பானவை என்பது விளங்கும்.

அவ்விதிகள் அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் உள்ளன. 1897இல் முதலில் வெளிவந்த இத்தொகுப்பு இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. வெளிவந்த உடனே அது சட்டமாகிவிடுவதில்லை. எந்தப் பதிப்பை மாநிலமோ ஊராட்சியோ ஏற்கிறதோ அதுவே அங்கு செல்லும்.

பிரேக்கர் இருக்கும்போது ஷாக் அடித்தால் அதுவே விழுந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. பிரேக்கர் காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை, மனிதரை அல்ல. 20 ஆம்பியர் பிரேக்கர், கம்பி தாங்கக்கூடிய அளவை மீறி மின்னோட்டம் பாய்ந்து சூடேறும்போதுதான் துண்டிக்கும். நனைந்த உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 120 வோல்ட் அழுத்தம் அதன் வழியே 120 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். சில நொடிகள் நீடித்தால் இதயத்தின் சீரான துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்க இது போதும். ஆனால் 20,000 மில்லி ஆம்பியரைக் கணக்கில் வைத்திருக்கும் பிரேக்கருக்கு அது ஒரு சிறிய பல்பு எரிவதைப் போன்றதுதான்.

எந்த அளவில் துண்டித்தால் மனிதர் பிழைப்பார் என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல். கையில் மின்சாரம் பாயும்போது தசைகள் இறுகுவதால், ஓர் அளவுக்கு மேல் பிடியை நம்மால் விடவே முடியாது. அந்த எல்லை 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனைகளில் அவர் கண்டார். சராசரியை நம்பிக் கருவி செய்தால் அதற்குக் கீழே உள்ள பாதிப்பேர் காக்கப்பட மாட்டார்கள். ஆகவே மிகக் குறைந்த தாங்குதிறன் கொண்டவரையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கருவிகள் 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள் துண்டிக்க வேண்டும் என்ற அளவு இந்த அக்கறையிலிருந்து பிறந்ததே. 1961இல் டால்சீலே இத்தகைய மின்கசிவுத் துண்டிப்பான் ஒன்றை உருவாக்கினார். ஜி.எஃப்.சி.ஐ. என்று அங்கே அழைக்கப்படும் அது, இன்று பிளக் பாயிண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அதன் உள்ளே ஒரு காந்த வளையம் இருக்கிறது. லைன் கம்பியும் நியூட்ரல் கம்பியும் சேர்ந்தே அதன் நடுவே செல்கின்றன. கருவிக்குப் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக, எதிரெதிர்த் திசையில் இருக்கும்வரை, அவை உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒருவரின் உடல் வழியே 5 மில்லி ஆம்பியர் தரைக்குப் போனால், திரும்பி வருவதில் அந்த அளவு குறையும். வளையத்தில் காந்தப்புலம் எஞ்சும். அதன்மேல் சுற்றிய நுண்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். மின்னணுச் சுற்று அதைப் பெருக்கித் தொடர்புகளை விலக்கிவிடும். கசிவு பெரிதாக இருந்தால் இவ்வளவும் நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிறது. ஷாக்கின் அளவை இது குறைப்பதில்லை, நேரத்தைத்தான் குறைக்கிறது. ஒரு கையால் லைனையும் மறுகையால் நியூட்ரலையும் தொட்டவரை இது காக்காது. போனதும் வந்ததும் அப்போது சமமாகவே இருக்கும். எர்த் கம்பியே இல்லாத பழைய வீட்டிலும் இது வேலை செய்யும் என்பது இதன் பெருஞ்சிறப்பு.

இந்திய வீடுகளில் மெயின் போர்டில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனால் அது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவு கொண்டது. ஒரே கருவி வீடு முழுவதையும் பார்த்துக்கொள்வதால், ஒவ்வொரு சாதனத்திலிருந்தும் இயல்பாகக் கசியும் சிறு அளவுகள் கூடிவிடும். 5 என்று வைத்தால் அடிக்கடி விழும்.

அமெரிக்க கேரேஜின் பிளக் பாயிண்டுகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு 1978இல் கட்டாயமாயிற்று. ஃப்ரீசருக்கென ஒதுக்கியதும், கூரையில் கதவு மோட்டாருக்காக வைத்ததும் விலக்கு பெற்றிருந்தன. 2008 பதிப்பு அந்த விலக்குகளை நீக்கியது. ஆளில்லாத நேரத்தில் ட்ரிப் ஆகி, ஃப்ரீசரிலுள்ள இறைச்சி கெட்டுவிடுமே என்ற குறை நியாயமானது. ஆனாலும் அடிக்கடி ட்ரிப் ஆக்கும் ஃப்ரீசரைச் சோதித்துப் பார்ப்பதே முறை. பாதுகாப்பைக் கழற்றுவது அல்ல. 2020 பதிப்பில், வெல்டிங் மெஷின் போன்றவற்றுக்கான 240 வோல்ட் பிளக் பாயிண்டுகளும் இதற்குள் வந்தன. கேரேஜுக்குத் தனி 20 ஆம்பியர் சர்க்யூட் வேண்டும், கார் நிற்கும் ஒவ்வோரிடத்துக்கும் ஐந்தரை அடி உயரத்துக்குள் ஒரு பிளக் பாயிண்டாவது வேண்டும் என்பவை 2017இல் சேர்ந்தவை.

வீட்டிலிருந்து தள்ளிக் கட்டிய கேரேஜில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே மண்ணில் ஓர் எர்த் ராடு அடித்துவிட்டால் போதும் என்று எண்ணுபவர்கள் பலர். ராடுக்கும் மண்ணுக்கும் இடையே 25 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். லைன் கம்பி உலோகப் பெட்டியில் பட்டால், மண் வழியே போகக்கூடியது அதிகபட்சம் 4.8 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. பெட்டி மணிக்கணக்கில் மின்சாரம் ஏறிய நிலையில் தொடுபவருக்காகக் காத்திருக்கும். மின்சாரம் தேடுவது மண்ணை அல்ல, தான் புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரை. அதற்குத் தடை குறைந்த செம்பு வழி இருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து பிரேக்கர் கணத்தில் விழும். அதனால்தான் கேரேஜில் பிரேக்கர்கள் வைக்கும் துணைப்பெட்டிக்குப் புதிதாக இழுக்கும் இணைப்பில் இரண்டு லைன், ஒரு நியூட்ரல், ஒரு எர்த் என நான்கு கம்பிகள் வேண்டும். கேரேஜின் துணைப்பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று தொடக் கூடாது. தொட்டால், அன்றாடம் திரும்பும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பியிலும் உலோகப் பாகங்களிலும் ஓடத் தொடங்கிவிடும்.

மின்சாரக் கார் வந்தபின் இக்கணக்குகள் இன்னும் நுட்பமாகியுள்ளன. சார்ஜர் பல மணி நேரம் முழு அளவில் இழுப்பதால், 32 ஆம்பியர் சார்ஜருக்கு அதன் 125 சதவீதமான 40 ஆம்பியர் சர்க்யூட் வேண்டும். சார்ஜருக்குள்ளேயே ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக்காவல் இருக்கிறது. அதைப் பிளக் பாயிண்டில் செருகினால், விதிப்படி முன்னால் இன்னொரு 5 மில்லி ஆம்பியர் காவலும் வைக்க வேண்டும். எர்த் சரியாக உள்ளதா என்று சார்ஜர் தானே சோதிக்கும்போது அனுப்பும் சிறு மின்னோட்டத்தை, முன்னிருக்கும் காவல் கசிவென்று எண்ணித் துண்டித்துவிடுவதுண்டு. ஆகவே பிளக் இல்லாமல் சார்ஜரை நேராகக் கம்பியில் இணைக்கும்படி எலக்ட்ரீஷியன்கள் பலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தாலும் சார்ஜரின் சொந்தக் காவல் அதற்குள்ளேயே இருந்து வேலை செய்கிறது.