குளிர் குழாயைக் காப்பாற்றாது

"ஆர்க்டிக் பக்கம் அவ்வளவு குளிரில் எண்ணெய்க் குழாயில் துரு எப்படி சார் பிடிக்கும்?" பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பேட்சிலும் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். புதிதாக வருபவர்கள் கேட்டால் சரி. போன வாரம் அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளரே கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர் வெளியேதான். அலாஸ்காவின் ப்ருடோ பே வயலில் எண்ணெய் சுமார் 2,700 மீட்டர் ஆழத்திலிருந்து, 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வருகிறது. அந்தச் சூட்டில் உறைமண் (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம்) உருகிவிடும் என்றுதான் வால்டெஸ் துறைமுகம் வரை போகும் 1,287 கிலோமீட்டர் குழாயில் பாதிக்கு மேல் தரையில் புதைக்காமல் தூண்களின் மேல் ஏற்றி வைத்தார்கள். வெளியே மைனஸ் நாற்பது என்றாலும் குழாயின் உட்சுவருக்கு அது தெரியாது.

1968இல் கண்டுபிடித்து, 1977இல் உற்பத்தி தொடங்கிய வயல் அது. உச்சத்தில் நாளுக்கு 15 லட்சம் பீப்பாய். அப்புறம் உற்பத்தி சரிந்தது, ஆனால் குழாய் அதே அகலம். ஓட்டம் மெதுவானால் தண்ணீரும் வண்டலும் அடியில் தங்கும். நாங்கள் 'ஆறு மணி' என்று சொல்லும் அடிப்பகுதி அதுதான். வண்டலுக்கு அடியில் பாக்டீரியா குடியேறி இரும்பைக் குழிகுழியாக அரிக்கும். பிக் (குழாய்க்குள் ஓடவிட்டுச் சுத்தம் செய்யும், சோதிக்கும் கருவி) விட்டுச் சுத்தம் செய்து, அதை வெளியே எடுக்கும் கதவைத் திறந்தால் கருப்புச் சேறு அழுகிய முட்டை நாற்றத்தோடு வழியும். (கையில் நச்சு வாயு மீட்டர் இல்லாமல் அந்தக் கதவுப் பக்கம் போகாதீர்கள்.)

2006 மார்ச்சில் அங்கே 34 அங்குலக் குழாய் ஒன்று இப்படித்தான் அடியில் ஓட்டையாகி, சுமார் 8 லட்சம் லிட்டர் எண்ணெய் டன்ட்ராவில் (மரமில்லாத ஆர்க்டிக் நிலம்) கொட்டியது. 1998க்குப் பிறகு அந்தக் குழாயில் பிக் விடவே இல்லை. கசிவைக் காட்டும் கருவி இருந்தது. ஆனால் மொத்த ஓட்டத்தில் ஒரு சதவீதம் அளவுக்குக் குறைந்தால்தான் அது கண்டுபிடிக்கும். சிறு ஓட்டை அதற்குத் தெரியவில்லை. பனிக்கு அடியில் பரவிக்கொண்டிருந்த எண்ணெயை, வாசனையை வைத்து ஓர் ஊழியர்தான் கண்டுபிடித்தார்.

ஆகவே, ஓட்டம் குறைந்த குழாயில் சோதனையை அதிகமாக்குங்கள், குறைக்காதீர்கள். வயல் கிழடாகிவிட்டது, செலவு எதற்கு என்று பிக்கைத் தள்ளிப்போடச் சொன்னால் எழுத்தில் மறுத்துவிடுங்கள். குழாய்ச் சுவரின் தடிமன் அளக்கும்போது கைக்கு எட்டும் பக்கவாட்டோடு நிறுத்தாமல், குனிந்து அடியிலும் அளங்கள். வெப்பக் காப்பு சுற்றிய இடம், விலங்குகள் கடக்க மண் மூடிய இடம் எதையும் விடாதீர்கள்.

எண்ணெய் வாசனை வந்தால், அலாரம் அடிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். நடு ராத்திரியானாலும் ஷிப்ட் பொறுப்பாளரை எழுப்பிச் சொல்லிவிடுங்கள்.