உங்கள் ஊர்க் கடற்கரை வரைபடத்தில் இருக்கிறதா? கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி பற்றி

கடலோர ஊர்களில் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்டணும்?" என்பதுதான். ஒருவர் 500 என்பார், இன்னொருவர் 200 என்பார், அதெல்லாம் இப்போது 50 ஆகிவிட்டது என்பார் மூன்றாமவர். மூன்று எண்களும் விதியில் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது.

விதியின் பெயர் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அலுவலகங்களில் சி.ஆர்.இசட். என்பார்கள். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு இதை முதலில் 1991 பிப்ரவரியில் வெளியிட்டது. 2011இல் மாற்றி எழுதினார்கள். இப்போதைய வடிவம் 2019 ஜனவரி 18இல் வந்தது.

கரைக்கு எதற்குத் தனி விதி? கரை நிலையாக நிற்பதில்லை, அதனால்தான். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அந்த ஓட்டம் திரும்பித் தெற்கே போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த மணல் ஓட்டத்தின் குறுக்கே ஒரு கல்சுவர் நீண்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் கதை அதுதான். 1876இல் வேலை தொடங்கி அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே வந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. நாம் காற்று வாங்கும் மணலுக்கும் அங்கே வீடு இழந்தவர்களின் கதைக்கும் காரணம் ஒரே சுவர்.

புதுச்சேரியிலும் இதுவே நடந்தது. 1980களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியதும் நகரத்தின் மணற்கரை போய்க் கருங்கல் குவியல் வந்தது. கல் கொட்டியதால் அரிப்பு நிற்கவில்லை, வடக்கே நகர்ந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்கள் அந்த அடியை வாங்கின.

சரி, விதிக்கு வருவோம். எல்லாம் உயர் அலைக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் மிக அதிகமாக ஏறும்போது, நீர் நிலத்தில் எட்டும் கடைசி எல்லை அது. அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இந்த விதி செல்லும். கடல்நீர் ஏறி இறங்கும் ஆறு, கழிமுகங்களின் ஓரத்தில் 50 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. 500 மீட்டருக்குள் எதுவுமே கட்டக்கூடாது என்று நினைப்பது தவறு. அதற்குள் வருவது எதுவும் விதியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், அவ்வளவே.

கடலோரப் பகுதியை விதி நான்கு வகையாகப் பிரிக்கிறது. அலையாத்திக் காடு, பவளப்பாறை, கடற்புல், ஆமை முட்டையிடும் இடம், மணல்மேடு எல்லாம் முதல் வகை. பாதுகாப்பு மிகக் கடுமையாக உள்ள வகை இது. இரண்டாம் வகை ஏற்கெனவே கட்டடம் நிறைந்த நகரப்பகுதி. அங்கே பெரும்பாலும் இப்போதுள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். நான்காம் வகை கடல்நீர்ப் பரப்பு.

நம் கிராமங்கள் பெரும்பாலும் வருவது மூன்றாம் வகையில். குழப்பம் முழுக்க அங்கேதான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரில், கட்டுமானம் கூடாத பகுதி உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர். அதற்குக் குறைந்தால் 200 மீட்டர். ஆனால் இந்த 50 மீட்டர் சலுகை தானாக வந்துவிடாது. 2019 அறிவிக்கையின்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதுவரை 2011 விதியும் அதன் வரைபடமுமே செல்லும். யாராவது "50 மீட்டர்தான் சார்" என்று சொல்லி மனை விற்க வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

தடைப்பகுதிக்குள் ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதே தளப்பரப்புக்குள் திருப்பிக் கட்டலாம். மீன் உலர்த்தும் களம், வலை பின்னும் இடம், ஏலக்கூடம், ஐஸ் ஆலை, படகு கட்டும் இடம் எல்லாம் அங்கே அனுமதிக்கப்படுபவை. இரண்டாம், மூன்றாம் வகைப் பகுதிகளில் சொந்தமாகக் குடியிருக்க 300 சதுர மீட்டர் வரை கட்டும் வீட்டுக்கு, விதிக்கு உட்பட்டிருந்தால், உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம்.

மணல் அள்ளுவது, கழிவு கொட்டுவது, மணல்மேட்டை மட்டம் தட்டுவது, அதிக அரிப்புள்ள கரையில் துறைமுகம் கட்டுவது எல்லாம் தடை செய்யப்பட்டவை. மணல்மேட்டை ஏன் இவ்வளவு காக்க வேண்டும் என்று கேட்பவர்கள் ஒருமுறை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அடும்பங்கொடி தரையோடு படர்ந்து மணலைப் பிடித்திருக்கும். ராவணன் மீசைப் புல் காற்றில் வரும் மணலை மறித்து மேட்டை வளர்க்கும். புயல் அலை வரும்போது அந்த மேடுதான் முதலில் எதிர்கொள்ளும். சமன் செய்து ரிசார்ட் கட்டினால், அதன் பின்னால் இருக்கும் ஊருக்கு அந்தக் காவல் போய்விடுகிறது.

விதியில் ஒரு சிக்கல் உண்டு. அரிப்பைத் தடுக்கும் வேலைகளுக்கு அதுவே இடம் தருகிறது. அரித்த ஊர் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர், கேட்கிறது. அதில் குற்றம் சொல்ல முடியாது, கண்ணெதிரே வீடு போகிறதே. ஆனால் வளைவு வந்தால் அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். ஒவ்வொரு ஊராகக் கல் கொட்டாமல் நெடுங்கரை முழுவதையும் ஒன்றாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பதே என் கருத்து.

மீனவ ஊர்கள் இப்போதே செய்ய வேண்டியது, வரைபடத்தில் தங்கள் ஊரைத் தேடுவது. மீனவர் குடியிருப்புகள், பொது இடங்கள், எதிர்கால வீட்டுத் தேவை ஆகியவை வரைபடத்தில் இருக்க வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. படகு ஏற்றும் மணல், கரைவலை இழுக்கும் இடம், கருவாடு காயும் களம் இவற்றுக்குப் பட்டா இருக்காது. வரைபடத்திலும் விட்டுப்போனால், நாளைக்கு அது வெறும் காலி இடம் என்று யாரும் சொல்லலாம்.

உயர் அலைக் கோட்டை வரையறுத்தது சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம். வரைவு வரைபடம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வரும். அப்புறம், மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் குழுவில் மீனவர் உட்பட உள்ளூர்க் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேளுங்கள். விடுபட்ட இடத்தைப் புல எண்ணோடும் படத்தோடும் மனுவில் எழுதி, ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.