படியிறங்கும் நீரில் ஆக்சிஜன் கலப்பது எப்படி?

அமெரிக்காவின் சிகாகோ நகருக்குத் தெற்கே செல்லும் கால்-சாக் கால்வாய் 1922-இல் திறக்கப்பட்டது. சரிவு மிகக் குறைந்த பாதையில் மெதுவாக நகரும் அந்த நீரில், மீன்கள் வாழத் தேவையான அளவுக்குக் கரைந்த ஆக்சிஜன் இருக்கவில்லை. ஆகவே 1990-களின் தொடக்கத்தில் நகரின் நீர் மீட்பு நிர்வாகம் அந்த நீர்வழியை ஒட்டி ஐந்து நிலையங்களை அமைத்தது. ஆர்க்கிமிடீஸ் திருகு வகைப் பம்புகள் கால்வாய் நீரின் ஒரு பகுதியைச் சுமார் 4 மீட்டர் உயரத்திலுள்ள குளத்துக்கு ஏற்றுகின்றன. அது சில படிகளில் அருவியாக விழுந்து கால்வாயிலேயே மீண்டும் சேர்கிறது.

கால்வாயின் மேற்பரப்பு முழுவதும் காற்றைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது, பிறகு ஏன் இவ்வளவு பாடு? ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 20 பாகை செல்சியஸில் தெவிட்டு நிலையை, அதாவது அதற்குமேல் காற்றிலிருந்து ஆக்சிஜன் ஏறாத நிலையை, அடைந்த ஒரு லிட்டர் நீரிலோ 9 மில்லிகிராம்தான். ஆனால் அந்த 9 மில்லிகிராமை எட்டுவதற்கே தடையாக நிற்பது வேறொன்று. ஆக்சிஜன் மூலக்கூறுகள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. அதனால் அசையாத நீரின் மேல்தோல் மட்டும் உடனே தெவிட்டிவிட, அதன் கீழுள்ள நீர் பசித்தே கிடக்கிறது. அந்த மேல்தோலை ஓயாமல் கிழித்து, பசித்த நீரை மேலே கொண்டுவரும் கொந்தளிப்புதான் ஆக்சிஜன் ஏறும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 1951-இல் பிரிட்டன் வேதிப்பொறியாளர் டாங்க்வெர்ட்ஸ் முன்வைத்த மேற்பரப்புப் புதுப்பித்தல் கோட்பாட்டின் சாரமும் இதுவே.

படி இதைத்தான் செய்கிறது. விளிம்பைத் தாண்டிய நீர் மெல்லிய திரையாக விழுந்து, கீழே மோதும் இடத்தில் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. இழுபட்ட ஒரு லிட்டர் காற்று 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாகச் சிதறினால், அவற்றின் மொத்தப் பரப்பு 3 சதுர மீட்டர் ஆகும்.

நீர் கூடினால் இந்தக் காட்சி மாறிவிடும். அப்போது அது படிக்குப் படி விழுவதில்லை. படிகளின் மூலைகளில் சுழல்களை அடைத்துவைத்துவிட்டு, விளிம்புகளை ஒட்டி ஒரே பாய்ச்சலாக வழுக்கிச் செல்கிறது. அடித்தளத்தில் பிறக்கும் கொந்தளிப்பு மேற்பரப்பை எட்டும்வரை அந்தப் பாய்ச்சல் கண்ணாடிபோலத் தெளிவாகவே இருக்கும். அதன் பிறகே காற்றை உள்ளிழுத்து வெளுக்கத் தொடங்கும். பெருவெள்ளத்தில் குட்டையான படிக்கட்டு எதிர்பார்த்த பலனைத் தராமல் போவது இதனால்தான்.

படிகளைக் கூட்டிக்கொண்டே போகலாமா? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில், லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜனோடு வரும் நீருக்குக் குறை 7. ஒவ்வொரு படியும் மிச்சக் குறையில் கால் பங்கைத் தீர்ப்பதாகக் கொள்வோம். முதற்படியில் 1.75 மில்லிகிராம் ஏறும். நான்காம் படியில் 0.74 மட்டுமே ஏறும். ஆனால் நீரை உயர்த்தும் மின்செலவோ எல்லாப் படிக்கும் ஒன்றுதான்.

அப்படியானால் மொத்த உயரத்தையும் ஒரே வீழ்ச்சியாக ஆழமான குளத்தில் கொட்டுவது சிக்கனமாகத் தோன்றலாம். அதில் ஓர் அபாயம் இருக்கிறது. குமிழிகள் ஆழத்துக்குப் போகும்போது நீரின் அழுத்தம் அவற்றிலுள்ள வாயுக்களை, நைட்ரஜனையும் சேர்த்து, மேற்பரப்பின் தெவிட்டு நிலைக்கும் மேலாகக் கரைத்துவிடுகிறது. 1960-களில் வடமேற்கு அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றின் அணைகளுக்குக் கீழே சால்மன் மீன்களின் உடலில் வாயுக் குமிழிகள் தோன்றி அவை மடிந்தது இப்படித்தான். பின்னர் அந்த ஆற்றின் பல அணைகளில், உபரி நீர் வெளியேறும் வழிந்தோடியின் அடிப்பகுதியில் ஒரு சிறு மேடை சேர்க்கப்பட்டது. பாய்ந்துவரும் நீர் ஆழத்தில் குதிக்காமல் மேற்பரப்பை ஒட்டியே ஓட அது வழிசெய்கிறது.