சவுண்ட்: ஓசை ஒன்று, சொல் நான்கு

ஆங்கில அகராதியில் சவுண்ட் என்ற சொல்லைத் தேடினால் அது பல முறை தனித்தனித் தலைச்சொல்லாக வரும். ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு சிறிய எண் இருக்கும். ஓசை என்பது ஒரு சவுண்ட். பழுதில்லாத, உறுதியான என்பது இன்னொன்று. இரு நிலங்களுக்கு நடுவே கிடக்கும் குறுகிய கடல், மூன்றாவது. நீரின் ஆழம் பார்ப்பது நான்காவது. வெவ்வேறு வழியில் வந்த நான்கு சொற்கள் ஒரே உச்சரிப்பில் மோதி நின்றுவிட்டன.

அகராதிக்காரர்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத் தமிழை வைத்தே பார்த்துவிடலாம். திங்கள் என்றால் நிலவு. நிலவின் ஒரு சுற்று என்பதால் மாதமும் திங்கள். நிலவுக்குரிய கிழமையும் திங்கள். இது ஒரே சொல் கிளைவிட்டது. ஆறு என்பதன் கதை வேறு. நதியைக் குறிக்கும் ஆறு சங்கப் பாடல்களில் யாறு என வரும். யாமை ஆமையானது போல யாறும் யகரத்தை இழந்து ஆறானது. எண்ணாகிய ஆறுக்கு அந்த யகரம் கிடையாது. தெலுங்கில் நதி ஏரு, எண் ஆரு. அங்கே இரண்டும் இன்றுவரை ஒட்டவில்லை. பழைய எழுத்து வடிவம், உறவுமொழி இரண்டும் ஒரே சாட்சி சொன்னால் தீர்ப்பு எழுதிவிடலாம்.

‘பழுதில்லாத’ சவுண்ட், பழைய ஆங்கிலத்தில் கெசுண்ட். ஜெர்மனில் இன்றும் உடல்நலத்தோடு இருப்பவர் கெசுண்ட்தான். ஆங்கிலத்தில் முன்னொட்டான ‘கெ’ மெலிந்து யகரமாகி, பிறகு அந்த யகரமும் உதிர்ந்தது. யாறு பட்ட அதே பாடு. சவுண்ட் ஸ்லீப் என்றால் ஏன் குறட்டைச் சத்தம் இல்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது: அது முறிவில்லாத, முழுத் தூக்கம்.

ஓசைச் சொல்லுக்கு மூலம் லத்தீனின் சோனஸ். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது அது சூன்; கடைசியில் ‘ட்’ இல்லை. அந்த ‘ட்’ வாய்க்குள்ளேயே பிறந்தது. னகரம் சொல்லும்போது நாக்கு நுனி மேல்வாயை அடைத்திருக்கும், காற்று மூக்கு வழியே போகும். நாக்கு விலகுவதற்கு ஒரு நொடித்துளி முன்பே மூக்கு வழி மூடிக்கொண்டால், வாயில் தேங்கிய காற்று நாக்கு விலகும்போது வெடித்து ‘ட்’ போலக் கேட்கும். தண்டர் என்ற இடிச் சொல்லும் இப்படித்தான் ஆனது. பழைய வடிவம் துனோர். எழுத்தில் இந்த ‘ட்’ நிலைத்தது 16ஆம் நூற்றாண்டையொட்டி. இதற்கிடையே ஆங்கிலத்தின் நீண்ட ‘ஊ’ எல்லாம் ‘அவு’ ஆகத் திரும்பின. ஹூஸ் ஹவுஸ் ஆயிற்று. நான்கு சொற்களும் சவுண்ட் ஆயின.

கடல் சவுண்ட், ஸ்காண்டிநேவியர்களின் முன்னாள் மொழியான பழைய நார்ஸின் சுண்ட். அதற்கு நீச்சல் என்றும் பொருள், நீரிணை என்றும் பொருள். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே உள்ள ஓரசுண்டில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 4 கிலோமீட்டர். காட் மீனின் நீந்துபைக்கும் சவுண்ட் என்றே பெயர்.

அதிகம் குழப்புவது நான்காவதுதான். ஆழம் பார்ப்பதற்கான பிரெஞ்சு வினை சோந்தே. கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கடலில் விடுவார்கள். 2 பாகத்தில் (ஒரு பாகம் 6 அடி) இரண்டு தோல் துண்டு, 3இல் மூன்று தோல் துண்டு, 5இல் வெள்ளைத் துணி, 7இல் சிவப்புத் துணி. துணிகளின் நெசவும் வேறு வேறு. இருட்டில் விரலால் தடவியே ஆழம் சொல்லலாம். குண்டின் அடிக்குழியில் கொழுப்பு அப்பியிருக்கும். மணலா சேறா என்று அதில் ஒட்டி வருவதே காட்டிவிடும். கப்பல் நகர்ந்தால் கயிறு சாயும், ஆழம் கூடுதலாகத் தெரியும். 1875 மார்ச் 23 அன்று சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கடலாய்வுக் கப்பல் மேற்குப் பசிபிக்கில் 4,475 பாகம் அளந்தது கயிற்றையும் எடையையும் கொண்டுதான்.

பிறகு வந்தது எக்கோ சவுண்டர். கப்பலின் அடியிலிருந்து ஒலித்துடிப்பு கிளம்பும், தரையில் பட்டுத் திரும்பும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர்; 2 நொடியில் எதிரொலி வந்தால் ஆழமும் 1,500 மீட்டர், ஏனென்றால் பாதி நேரம் திரும்பி வருவதற்கே போய்விடும். வெப்பமும் உப்பும் மாறினால் வேகம் மாறும், கணக்கும் பிசகும். ஒலியால் அளப்பதால் சவுண்டர் என்று பெயர் வந்தது என நினைப்பது இயல்பு. ஆனால் பெயர், ஈயக்குண்டுக் காலத்தது. நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் என்ற சுருக்கப்பெயரில் இருப்பதோ உண்மையாகவே ஓசை. வானிலை பலூனில் கட்டி அனுப்பும் ரேடியோசோண்ட் கருவியில் ஓசைக்கு வேலையே இல்லை; அது காற்றை ஆழம் பார்க்கும் பழைய சோந்தே.