சாவிக் கொத்து வீட்டுப் பூட்டுக்கு மட்டும் போதும்

உள்ளங்கையில் சாவிப் பல் பதிந்த தடம், நகக்கண்ணில் ரத்தம், பாதி உடைந்த முன்பல். வலிப்பு நின்ற ஆளை ஓ.பி.க்குக் கூட்டி வரும்போது இவையும் கூடவே வருகின்றன. தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவோ, காசிமேட்டு ஏலக் கூடமோ, கும்மிடிப்பூண்டி ரயிலோ, யார் விழுந்தாலும் முதல் குரல் ஒன்றுதான்: "அண்ணே, சாவி இருந்தா குடுங்கண்ணே!" உதவியால் வந்த காயத்துக்கு மருந்து போட்டே அலுத்துவிட்டது.

கையில் இரும்பைத் திணித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை. ஏன் என்று கேட்டால், "மூளையில கரண்ட் ஏறிடுச்சு டாக்டர், இரும்பு இழுத்துக்கும்." கரண்ட் என்பது சரி. ஏறிவிட்டது, இழுத்துக்கொள்ளும் என்ற இரண்டும் தப்பு.

நரம்பு செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். பொட்டாசியம் மெல்லக் கசிவதால் உள்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. ஒரு பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுத்து இந்த இருப்பைக் காக்கிறது. தூண்டுதல் வந்து மைனஸ் 55 வாக்கில் தொட்டால் சோடியம் கதவுகள் படாரெனத் திறக்கும். உள்பக்கம் பிளஸ் 30 வரை ஏறும். ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் பொட்டாசியம் வெளியேறி இறக்கிவிடும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1952இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியது கணவாயின் தடித்த நரம்பில். நம்மூரில் கடம்பா என்று தொக்கு வைக்கிறோமே, அந்த ஜாதி.

வலிப்பில் இந்தத் துடிப்பு பெரிதாவதில்லை. அதே 100 மில்லிவோல்ட்தான். ஆளுக்கொரு நேரத்தில் துடிக்க வேண்டிய செல்கள் லட்சக்கணக்கில் ஒரே தாளத்தில் விடாமல் துடிக்கின்றன, அவ்வளவே. எர்த் போட்டு இறக்க அங்கே உபரி மின்சாரம் எதுவும் தேங்கி நிற்கவில்லை. உப்பு அயனிகள் செல்லின் சவ்வைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகின்றன. அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது மண்டைக்குள் இருக்கிறது, சாவி உள்ளங்கையில். மூளையின் மின் துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையில் தலைத்தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து ஒட்டினாலும் கிடைப்பது மைக்ரோவோல்ட் கணக்கில்தான். (தயவுசெய்து இ.இ.ஜி.க்கு எண்ணெய் வழியும் தலையோடு வராதீர்கள். முந்தைய நாள் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள்.)

பிறகு ஏன் சாவி கொடுத்ததும் நிற்கிறது? பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும். கூட்டம் கூடி, சாவி தேடி, விறைத்த விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். சாவிக்குப் பதில் வெங்காயம் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நேரம் பாருங்கள். கல், படிக்கட்டு, அடுப்பு பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி வேண்டவே வேண்டாம்: கடிபட்ட நாக்கு ஆறிவிடும், உடைந்த பல் மூச்சுக்குழாயில் இறங்கினால் கதை வேறு. முழுசாகத் தெளியும்வரை சோடா, தண்ணீர் எதுவும் கூடாது. ஒருவர் போனில் வீடியோ எடுத்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

5 நிமிடம் தாண்டினால், தெளியாமலே அடுத்தது வந்தால், முதல் முறை என்றால், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, தலையில் அடிபட்டவர் என்றால் 108. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை எப்படி நிற்கும் என்பது நமக்குத் தெரியும். அதனால் மூன்றாவது நிமிடத்திலேயே போனைக் கையில் எடுங்கள்.

மாத்திரை விஷயம். பெனிடாயின், கார்பமசெபின் போன்றவை சோடியம் கதவு அடுத்தடுத்துத் திறப்பதைத்தான் தடுக்கின்றன. ரத்தத்தில் மருந்து குறைந்தால் கதவுகளுக்குக் காவல் இல்லை. ஒரு வருஷம் வரவில்லையே என்று நீங்களாக நிறுத்தினால், நிற்காத வலிப்போடு ஐ.சி.யூ.வில் சந்திப்போம். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் தூக்கத்தை ஈடுகட்டியே ஆக வேண்டும். ஆடி விரதம், ரம்ஜான் நோன்பு என்றால் ஒரு வாரம் முன்னாடியே வந்து சொல்லுங்கள். பலருக்கு வேளையை மாற்றி எழுதித் தர முடியும்.